எதிர்பார்க்கும் பெயர்

மணி இரண்டு பத்து. ஊரைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போகிற சாலை. கடைசி பெட்ரோல் பங்கோடு தெருவிளக்குகள் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒன்பது கிலோமீட்டர்... காரின் முன்விளக்கு எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவுதான் உலகம். அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போகிறாள். யாரும் அவளை அனுப்பவில்லை. போவதாக அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

கதவோரம் இருக்கிறவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். சொல்கிறேன்.

இது என் தோழியின் அண்ணிக்கு நடந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அண்ணியே தோழியிடம் சொன்னது. செய்ததை மட்டுமல்ல, அப்போதைக்கப்போது மனசுக்குள் என்ன ஓடியது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாளாம். நாத்தனாரிடம் யாராவது அப்படிப் பேசுவார்களா? அதனால்தான் தோழி நம்பினாள்.

அண்ணிக்கு கன்ட்ரோல் ரூமில் வேலை. நம் போன், பாங்க், ஆஸ்பத்திரி, அவசர உதவி எண் எல்லாமே மண்ணுக்கடியில் ஓடுகிற கண்ணாடி இழை வழியாகத்தான் போகின்றன.

"ஒயருக்குள்ள கரண்டுதானே போகும்?"

"இதுல வெளிச்சம் போகும்டி. தலைமுடி கனத்துல ஒரு கண்ணாடி, அதுக்குள்ள வெளிச்சம்."

"சரி சரி. பேய் எப்ப வரும்?"

"வெளிச்சம் போனதும் வரும். பேசாம கேளு."

எந்த வெளிச்சம் எந்த வழியில் போக வேண்டும் என்று எழுதுவது ஒருவர் வேலை. எழுதியது சரியா என்று பார்த்து ஒப்புதல் போடுவது இன்னொருவர் வேலை. எழுதியவரே ஒப்புதல் போட முடியாது. எவ்வளவு பெரிய ஆள் எழுதினாலும் இரண்டாவது ஆள் 'சரி' போடாமல் ஒரு துரும்பும் நகராது. 'சரி' விழுந்துவிட்டால், ஊர் தூங்குகிற நேரம் பார்த்து, ராத்திரி இரண்டு மணிக்கு மேல் அந்த மாற்றம் தானாக நடந்துவிடும். அண்ணி இரண்டாவது ஆள். பதினோரு வருஷமாக.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் இந்த முனையிலிருந்து வெளிச்சத்தோடு ஒரு பெயரும் போய்க்கொண்டே இருக்கும். அந்த முனையில் 'எதிர்பார்க்கும் பெயர்' என்று ஒன்றை எழுதி வைத்திருப்பார்கள். வந்த பெயரும் எதிர்பார்க்கும் பெயரும் ஒன்றானால் ஸ்க்ரீனில் அந்த வரி பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. வர வேண்டியவர்தான் வந்திருக்கிறாரா என்று கதவைத் திறக்கும் முன் கேட்கிறோமே, அந்த மாதிரி.

அந்த அறைக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். எழுதுகிற வேலைக்கு. எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் ஆகியும் புதுசுதான். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, எப்போதும் ஈரம் காயாத தலை. ஷாம்பூ வாசனை அவளுக்கு முன்னால் நடந்து வரும். ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி முடித்ததும் இரண்டு மேஜைக்கும் நடுவில் இருக்கிற தடுப்புக்கு மேலே எம்பி எட்டிப் பார்ப்பாள்.

"அக்கா... சரியா?"

சரியாகத்தான் இருக்கும். அதுதான் அண்ணியின் பிரச்சினை.

பிழை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவளுக்குப் பிழையே செய்யாத ஒருத்தியைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? முதல் மாதம் அண்ணிக்கு மரியாதை இருந்தது. இரண்டாவது மாதம் அலுப்பு. மூன்றாவது மாதம் புதுசு எழுதியதை இரண்டு முறை பார்த்தாள். அப்புறம் மூன்று முறை. வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் நிற்கும்போதும் மனசுக்குள் அந்த வரிகளை ஓட்டிப் பார்த்தாள். ஒரு எண்ணாவது இடம் மாறியிருக்காதா...

அதற்குள் புதுசு வேறொரு காரியம் செய்திருந்தாள். பதிவேட்டில் இருப்பதும் களத்தில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வோர் இணைப்பாக ஸ்க்ரீனிலேயே பார்த்து, நாற்பத்து மூன்று இடங்களில் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பட்டியல் போட்டாள். நாற்பத்து மூன்றிலும் 'சரி' போட்டிருந்தது அண்ணி.

மேலாளர் கூட்டத்தில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பதினோரு வருஷமா இதெல்லாம் இப்படியேவா இருந்துச்சு?"

"அக்கா மேல தப்பு இல்ல சார். ரெக்கார்டு பழசு" என்றாள் புதுசு.

அண்ணி சொன்னாளாம்: அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன். காப்பாற்றினாள் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டிலும் அவள்தான். தோழியின் அண்ணனுக்கு அறுந்த ஃபைபரை ஒட்டுகிற வேலை. நாள் முழுக்கக் குழிக்குள் உட்கார்ந்துவிட்டு வருவார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எந்த இழையை எதோட ஒட்டணும்னு உங்க ஆபீஸ்ல அந்தப் பொண்ணு அனுப்புற படம் இருக்கே... கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்க்கலாம்."

"நான் அனுப்பினப்ப கண்ணைத் திறந்து வச்சிருந்தீங்களா?"

"ஐயோ, அதுக்கில்லடி."

அதற்கில்லை என்று அண்ணிக்கும் தெரியும். அவருடைய பேச்சில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். பதினோரு வருஷம் தன் படத்தை வைத்து வேலை பார்த்தவர் ஒரு நாளும் தட்டைப் பார்த்துக்கொண்டு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவ்வளவுதான் விஷயம். அவ்வளவு சின்ன விஷயம் ராத்திரி முழுக்க அவளைத் தூங்க விடவில்லை.

அப்போதுதான் அந்த மாற்றம் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பகுதிக்கு அவசர உதவி எண், கைபேசிக் கோபுரங்கள் எல்லாவற்றுக்கும் புது வழி. இந்த மாதிரி முக்கியமானவற்றுக்கு எப்போதும் இரண்டு வழி எழுத வேண்டும். ஒன்று அறுந்தால் இன்னொன்று. புதுசு எழுதியிருந்தாள்: முதல் வழி, பாலம். மாற்று வழி, கரை. பாலத்தோடு போகிற குழாய் ஒன்று. முந்நூறு அடி தள்ளி, ஆற்றங்கரையோடு போய் ஆற்றுக்கு அடியில் தாண்டுகிற குழாய் இன்னொன்று. பதிவேட்டின்படி அப்பழுக்கில்லை.

ஆனால் பதிவேட்டில் இல்லாத ஒன்று அண்ணிக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் கரையை வெட்டியபோது அந்தக் குழாயைத் தற்காலிகமாகப் பாலத்துக் குழிக்கே மாற்றிவிட்டார்கள். களத்து மேற்பார்வையாளர் அவளிடம்தான் போனில் சொன்னார், பதிவேட்டில் ஏற்றச் சொல்லி. அப்புறம் ஏற்றலாம் என்று விட்டாள். விட்டது விட்டதுதான். வேலை செய்த ஒப்பந்த ஆட்கள் ஊரைவிட்டுப் போனார்கள், மேற்பார்வையாளர் பிறகு செத்தும் போனார். ஆக, இரண்டு வழியும் ஒரே குழியில் கிடக்கின்றன என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அண்ணி.

தடுப்புக்கு மேலே தலை எழும்பியது.

"அக்கா... சரியா?"

நாற்பத்து நாலாவது தப்பு. இதை மட்டும் புதுசு கண்டுபிடிக்கவில்லை. சொன்னால், அதுவும் என்னுடையது. சொல்லாவிட்டால்... என்றைக்காவது ஒரு நாள் அறுந்தால், அன்றைக்கு இது அவளுடையது.

காகிதப்படி சரிதானே?

"சரி" என்றாள் அண்ணி. பொத்தானை அழுத்தினாள். டிக் என்று சின்னச் சத்தம்.

பன்னிரண்டாம் நாள் மழை. ராத்திரி ஒரு மணிக்குப் பாலத்தின் ஓரம் சரிந்து, இரண்டு வழியும் ஒரே நொடியில் அறுந்தன. அக்கரை முழுக்க சிவப்பு. நைட் ஷிப்டில் இருந்தது புதுசு. தான் எழுதியது ஏன் இரண்டும் சேர்ந்து விழுந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாமல் உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, பாலத்துக்கு நூறு அடி முன்னால் இருக்கிற கருவி அறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்து இறங்கி நடந்து பாலத்தடிக்குப் போயிருக்கிறாள். நின்ற மண்ணும் சரிந்தது.

விடிந்துதான் எடுத்தார்கள். இடுப்புவரை சேறு. கையில் போன். அதில் கடைசியாக எடுத்த ஒரு படம்: ஒரே குழிக்குள் பக்கத்தில் பக்கத்தில் அறுந்து கிடக்கிற இரண்டு குழாய்கள். அதற்கப்புறம் அவசர உதவி எண்ணுக்குப் போட்ட அழைப்புகள். முதலாவது இரண்டு பத்துக்கு. மொத்தம் பதினேழு. ஒன்றும் போய்ச் சேரவில்லை. போக வேண்டிய வழிதான் அறுந்து அவள் காலடியில் கிடந்ததே.

விசாரணையில் அண்ணியைக் கேட்டார்கள். "பதிவேட்டுல இருந்ததைப் பார்த்துதான் சரின்னு போட்டேன்" என்றாள். பொய் இல்லை. மேலாளர் பெருமூச்சு விட்டார். "பாவம், அந்தப் பொண்ணு ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு எழுதியிருக்கலாம்." அண்ணி தலையை ஆட்டினாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் செத்தவளோடு போட்டி போட முடியாது என்பதை அண்ணி அப்புறம்தான் தெரிந்துகொண்டாள். புதுசின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அவள் எழுதியவற்றை மாதிரி என்று காட்டி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தோழியின் அண்ணன், இழை ஒட்டுவதற்கு அவள் வரைந்து அனுப்பிய கடைசிப் படத்தை மடித்துக் கருவிப் பையில் வைத்திருந்தார். ஏன் என்று அண்ணி கேட்கவில்லை. துவைக்கிற சட்டையில் எதையோ தேடுகிற மாதிரி, அவர் தூங்கியதும் அந்தப் பையைத் திறந்து படத்தைப் பார்ப்பாள். ஒரு பிழையாவது இருக்கிறதா என்று.

ஐந்து மாதம் ஆயிற்று.

அன்றைக்கு நைட் ஷிப்ட். உடன் இருந்தவர் மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஏசியின் ர்ர்ர்... அண்ணி சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வரியில் நின்றாள். கருவி அறையில், அறுந்த பழைய குழாயின் இழையைச் செருகுகிற போர்ட். கைவிடப்பட்டது. ஃபைபரைக் கழற்றி மூடி போட்டாயிற்று. அதில் எதுவும் எழுதியிருக்கக் கூடாது.

எதிர்பார்க்கும் பெயர்: அக்கா.

வந்த பெயர்: ...

ஒன்றுமில்லை. காலி.

ஒப்புதலுக்குக் காத்திருக்கிற பட்டியலிலும் ஒரு புது வரி. எழுதியவர், புதுசு. அவளுடைய லாகினை மூடி ஐந்து மாதம் ஆகிறது.

எடுத்துச் செல்ல வேண்டியது: அக்கா. முதல் வழி: பாலம். மாற்று வழி: கரை. ஒப்புதல்...

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். யாருக்கோ எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்புதான் அவளைக் கிளப்பியது. லாப்டாப்பை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஊரைத் தாண்டும்போது மணி இரண்டு பத்து.

முதலில் சொன்னேனே, அந்தச் சாலை.

கருவி அறை என்றால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. பூட்டைத் திறந்ததும் எப்போதும் சூடான பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடிக்கும். அன்றைக்கு அடித்தது ஈர மண் வாசனை. அதற்கு மேலே... ஷாம்பூ.

டார்ச்சை அடித்து போர்ட்டைப் பார்த்தாள். மூடி போட்டபடியே இருந்தது. மூடியின்மேல் ஐந்து மாதத் தூசு. ஒரு விரல்கூடப் படவில்லை.

அப்போது சுவரில் மாட்டியிருந்த பழைய போன் சத்தம் போட்டது. மணி அடிக்கவில்லை. யாரோ எண்ணை அழுத்துகிற சத்தம். பிப். பிப். பிப்... அப்புறம் மௌனம். வைக்கிற சத்தம். மறுபடியும் பிப், பிப், பிப்... அண்ணி எண்ணவில்லை என்றுதான் சொன்னாள். ஆனால் எத்தனை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பதினேழாவதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. கருவிகளின் மின்விசிறிகளும் நின்றுவிட்டன. அந்த அமைதியில், தடுப்புக்கு மேலிருந்து வருகிற மாதிரி, கொஞ்சம் எம்பி நின்று மூச்சு வாங்குகிற மாதிரி...

"அக்கா... சரியா?"

அண்ணி தரையில் உட்கார்ந்து லாப்டாப்பைத் திறந்தாள். 'தவறு' என்று போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் 'தவறு' போட்டால் காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணம் அவள் பெயரோடு பதிவேட்டில் என்றைக்கும் நிற்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 'கைவிடப்பட்ட லைன்' என்று எழுதி அனுப்பினாள். விரலை எடுப்பதற்குள் அந்த வரி திரும்ப வந்து நின்றது. 'எழுதியவர் உயிரோடு இல்லை' என்று எழுதினாள். திரும்ப வந்தது.

என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

எழுதினாள். 'இரண்டு வழியும் ஒரே குழியில். எனக்கு அப்போதே தெரியும்.'

அனுப்புகிற பொத்தான்மேல் விரல் இருந்தது. வெகுநேரம் இருந்தது. இங்கே அண்ணி சொல்வதை நிறுத்திவிட்டுத் தோழியின் முகத்தைப் பார்த்தாளாம். பயம் தடுக்கவில்லை என்றாள். வேலை போகும், ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும், அதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வந்தது ஒன்றுதான். இதை அனுப்பினால் நாளைக்கு எல்லோரும் படிப்பார்கள். புதுசின் பேரில் இருக்கிற ஒரே தப்பும் அவளுடையது இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் அவள்மேல் ஒரு தூசுகூட இருக்காது. தட்டைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்வார், எனக்கு அப்பவே தெரியும், அந்தப் பொண்ணு தப்பு பண்ண மாட்டா...

அண்ணி எழுதியதை அழித்தாள். ஒவ்வோர் எழுத்தாக.

அந்த அறையில் யாரோ மெதுவாக, ரொம்ப நேரம் காத்திருந்தவர்கள் விடுகிற மாதிரி, ஒரு மூச்சு விட்டார்கள்.

விடிந்ததும் திரும்பி வந்தாள். அடுத்த வாரமே வேலையை விட்டாள். 'சரி'யும் போடவில்லை, 'தவறு'ம் போடவில்லை. இரண்டாவது ஆள் 'சரி' போடாமல் எதுவும் நடக்காது. அந்த விதிமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"அப்புறம்?"

"அந்தப் போர்வையை இந்தப் பக்கமும் கொஞ்சம் விடு, சொல்றேன்."

அப்புறம் ஒரு மாதம். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த தோழியின் அண்ணன், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன் சீட்டுக்கு வந்திருக்கிறவர் நல்ல சுறுசுறுப்பு. நீ விட்டுட்டு வந்ததையெல்லாம் காலையிலேயே முடிச்சிட்டாராம்."

அண்ணியின் கை சாதத்திலேயே நின்றது. "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஏதோ ஒண்ணு, செத்த லைனு, அதுகூடக் கிடந்துச்சாம். பேப்பர்படி சரியாத்தானே இருக்கு, போட்டா என்ன நஷ்டம்னு போட்டுட்டாராம்." சிரித்தார். "இன்னைக்கு ராத்திரி எல்லாம் ஒண்ணா நடக்கப்போவுது. என்னையும் கன்ட்ரோல் ரூமுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அன்றைக்குச் சாயங்காலம்தான் அண்ணி நாத்தனாருக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது பத்து மணி. தோழி பதறினாள். "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க அண்ணி. இப்பவே போன் போடுங்க."

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள் அண்ணி. பிறகு, "அவருக்கு அவ மேல எப்பவுமே ஒரு..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

தோழி வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். பின்கதவுக்கும். இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். ஒரே கட்டிலில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். தூங்கக் கூடாது என்றுதான் படுத்தாள்...

விழிப்பு வந்தபோது கை காலியாக இருந்தது. உள்ளங்கை ஈரம். முகர்ந்து பார்த்தாள். சேறு.

வாசல் தாழ்ப்பாள் போட்டபடி. பின்கதவும் போட்டபடி. குளியலறையில் இல்லை. மாடிக்கு வழியே இல்லை. தலையணைமேல் அண்ணியின் போன் மட்டும் வெளிச்சமாகக் கிடந்தது. அவசர உதவி எண். தொடாமலே அது போய்க்கொண்டிருந்தது. நின்றது. மறுபடியும் போனது. நின்றது. தோழி அதைக் கையில் எடுக்கவில்லை. நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள், பதினேழு வரும்வரை.

அது நின்றதும் தோழியின் போன் அடித்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து அண்ணன்.

"அண்ணியை எழுப்பும்மா. அவளுக்குத்தான் தெரியும். ஆத்துப் பக்கத்துக் கருவி அறையில ஒரு பழைய போர்ட்டு... நானே கழட்டி மூடி போட்டது. இப்ப திடீர்னு அதுல வெளிச்சம் வருது. எதிர்பார்க்கிற பேர் 'அக்கா'ன்னு இருக்கு, அதை எவன் எழுதினான்னு தெரியல."

"அண்ணா..."

"இரு, இரு. வந்த பேரும் இப்ப விழுது. வரி பச்சையாயிடுச்சு." அவர் ஸ்க்ரீனுக்குக் கிட்டத்தில் குனிந்திருக்க வேண்டும். மெதுவாக வாசித்தார்.

"அதுவும் 'அக்கா'தான்."